சித்தப்பாவுக்கு நான் கிரில் கற்றுக்கொடுத்த ஞாயிறு

எங்கள் வீட்டு கேஸ் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது. உள்ளே சிலிண்டர் வந்த தேதிகளும், கொண்டுவந்தவர் போட்ட கிறுக்கல் கையெழுத்துகளும் வரிசையாக நிற்கின்றன. அம்மா அடுப்பை எரியவிட்டுப் பேசிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. ஒரு சிலிண்டர் எங்கள் வீட்டில் நாற்பது நாளைத் தாண்டாமல் தீர்ந்ததே கிடையாது. 2003ஆம் ஆண்டுப் பக்கத்தில் மட்டும், மே மாதக் கடைசியில் வந்த ஒரு சிலிண்டர் இருபத்தாறே நாளில் தீர்ந்திருக்கிறது.

இன்னொரு ஆவணமும் உண்டு. தினசரி காலண்டரின் தாளைக் கிழித்தவுடன் அதன் பின்பக்கத்தில் அன்று நடந்ததை ஒரு வரி எழுதி பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பது ஆறாம் வகுப்பில் எனக்கிருந்த பழக்கம். டப்பா துருப்பிடித்துவிட்டது, தாள்கள் நன்றாக இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்: சித்தப்பாவின் கிரில் அடுப்பு எங்கள் மாடியில் தீப்பிடித்தது ஆனி மாதம், அமாவாசைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. ஏழு வருஷமாகத் துபாயில் ஒரு பெரிய ஓட்டலில் இருந்தார். சூப்பர்வைசர் வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தார். எதைச் சூப்பர்வைஸ் செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. ஆரணியில் அந்தச் சொல்லுக்கு அப்போது தனி விளக்கம் தேவைப்படவில்லை. மேஜை, நாற்காலி, மின்விசிறி என்று கேட்பவர்களே மனத்துக்குள் போட்டுக்கொள்வார்கள். அந்த வருஷம் அவர் கல்யாணத்துக்காகவே லீவில் வந்தார். ஆடி பிறப்பதற்குள் தாலி கட்டியாக வேண்டும். ஆவணியில் அவர் அங்கே வேலையில் இருக்க வேண்டும். இந்த லீவை விட்டால் அடுத்தது இரண்டு வருஷம் கழித்துத்தான். வந்த முதல் மாதத்திலேயே இரண்டு வரன்கள் தட்டிப்போயின. இரண்டு வீட்டாரும் ஒரே சொற்றொடரைத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்: “வூட்ல கலந்து பேசி சொல்றோம்.” மூன்றாவது வரன் போளூர். சித்தப்பா போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். வந்த நாளிலிருந்து மீசையைத் தினமும் சரிசெய்துகொண்டார். இனி பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வரவேண்டும். அதற்குத்தான் அந்த ஞாயிறு குறிக்கப்பட்டது.

அடுப்பு சித்தப்பாவுக்கு முன்பே கார்கோவில் வந்து சேர்ந்துவிட்டது. ஒரு பீரோவைப் படுக்கவைத்த அளவு அட்டைப்பெட்டி. ஊரில் எல்லாருடைய சித்தப்பாக்களும் டேப்ரிக்கார்டர், மிக்சி, கம்பளி என்று கொண்டுவரும்போது இவர் மட்டும் ஏன் கறி சுடுகிற அடுப்பைக் கொண்டுவந்தார் என்பது அம்மாவுக்குப் புரியவில்லை. அம்மா வாஷிங் மெஷின் எதிர்பார்த்திருந்தார்.

அப்பாவுக்கு வேறு கவலை. எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பட்டுத் தறிகள். பட்டைப் பற்றி அப்பாவுக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. போன வருஷமே தொலைபேசியில் அண்ணனும் தம்பியும் இதைப் பேசித் தீர்த்திருந்தார்கள். நான் ஒரு பக்கப் பேச்சைத்தான் கேட்டேன், மறுபக்கத்தைச் சித்தப்பா வந்தபின் நடித்துக் காட்டினார்.

“கரி அடுப்பெல்லாம் நம்ம வூட்டுக்கு ஆவாதுடா. பட்டு மோப்பம் புடிக்கும். பக்கத்துத் தெருவுல கருவாடு வறுத்தா நம்ம சேலையில வந்து குந்திகினு கீது.”

“அதுக்குத்தாண்ணா கேஸ் வாங்குறேன். கரின்னா புகை, சாம்பலு, பத்தவெக்கவே அரை மணி நேரம். கேஸ்னா திருகினா எரியும், திருகினா நிக்கும். புகையே வராது.”

“உனுக்கு எப்டித் தெரியும்?”

“ஓட்டல்ல பார்த்துகினுதானே கீறேன்.”

சரி, வாங்கு என்றார் அப்பா. ஆனால் ஒரு நிபந்தனை. தறியில் சேலை இருக்கிற நாளில் அடுப்பை ஏற்றக் கூடாது. இது கேட்பதற்கு எளிது. தறி முழுக்கக் காலியாக, வேலை நிற்கிற நாள் என்றால் அமாவாசை. அன்று எங்கள் வீட்டில் கறி கிடையாது. கறி உண்டென்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் தறியில் சேலை இருக்கும். மிச்சம் இருப்பது, தறியில் நீளவாக்கில் கட்டிய இழை வரிசையான பாவு ஒன்று முடிந்து அறுத்த பிறகு அடுத்த பாவைப் பிணைப்பதற்கு முன் வரும் ஒன்றிரண்டு நாட்கள்தாம். இரண்டு தறிக்கும் அந்த இடைவெளி ஒரே சமயத்தில் வரவேண்டும், அது ஞாயிற்றுக்கிழமையாகவும் இருக்க வேண்டும். கிரகணம் குறிப்பது போல அப்பா காலண்டரில் விரலை ஓட்டி அந்த ஞாயிறைக் கண்டுபிடித்தார். போளூர்க்காரர்களுக்கும் அதே நாள் சொல்லப்பட்டது. சம்பந்தி வீட்டாரை வரவேற்க நாள் பார்த்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பாவு பார்த்தோம் என்று நாங்கள் சொல்லவில்லை.

அடுப்போடு ஒரு கையேடு வந்திருந்தது. ஆங்கிலத்தில் நாற்பது பக்கம். வீட்டில் ஆங்கிலம் படிக்கிற ஆள் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

“எனக்கு ஆபீஸ் காயிதம் படிக்கவே டைம் சரியாப் பூடும் பாப்பா” என்றார் சித்தப்பா. “இந்த அடுப்பெல்லாம் யாரு கண்டா? நீ படிச்சு சொல்லு, நான் செய்றேன்.”

சனிக்கிழமை காலை மொட்டை மாடியில் வகுப்பு தொடங்கியது. சித்தப்பா அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுப் பொத்தானை மணிக்கட்டு வரை பூட்டியிருந்தார். வெளிநாட்டுக்காரர்களுக்கு வியர்க்காது போலும் என்று நினைத்துக்கொண்டேன். நான் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஒரு வரி படிப்பேன், தமிழில் சொல்வேன், அவர் பயபக்தியோடு செய்வார். திறந்த வெளியில் வை. சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வை. காற்று வருகிற பக்கம் நீ நில். அங்கேயிருந்து வந்த ரெகுலேட்டர் எங்கள் சிலிண்டரில் பொருந்தவில்லை. அடுப்பு ரிப்பேர்க்காரர் வந்து சமையலறை ரெகுலேட்டரையே கழற்றிப் புதுக் குழாயோடு இதில் மாட்டிக்கொடுத்தார். வீட்டுக்கு ரெகுலேட்டர் ஒன்றுதான். ஆகவே மாடியில் அடுப்பு எரிந்தால் கீழே அம்மாவின் அடுப்பு எரியாது. இதன் பின்விளைவை அப்போது யாரும் யோசிக்கவில்லை.

குழாய் மாட்டிய இடங்களில் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லியிருந்தது. தடவினோம். குமிழி வந்தால் கேஸ் கசிகிறது என்று அர்த்தம். வரவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அடுத்த பக்கத்தைப் புரட்டி, “இப்போ திருகு, பொத்தானை அமுக்கு” என்றேன்.

சித்தப்பா திருகில் கைவைத்தவர் நிறுத்தினார். “அதுக்கு முன்னாடி ஒரு பக்கம் வுட்டுட்ட மாதிரி கீதே பாப்பா. மூடியைப் பத்தி ஒன்னும் போடலியா?”

திருப்பிப் பார்த்தேன். இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பற்றவைக்கும் முன் மூடியைக் கட்டாயம் திறந்துவைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கேஸ் சேர்ந்து வெடிக்கும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. சித்தப்பாவின் ஊகத்தை மெச்சிக்கொண்டேன். நல்ல மாணவர்.

அவரிடம் சில கெட்ட பழக்கங்களும் இருந்தன. அடுப்பு சூடானதும் உள்ளங்கையைக் கம்பிகளுக்கு ஒரு சாண் மேலே நீட்டிக்கொண்டு வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். “அப்டி இல்ல சித்தப்பா. மூடியில மீட்டர் இருக்கு, அதைப் பார்க்கணும்னு போட்டிருக்கு” என்றேன்.

“அட, ஆமால்ல” என்று கையை எடுத்துக்கொண்டார்.

பிறகு அப்பாவின் சோதனை. வெள்ளைப் பட்டு நூல் ஒரு பிடி கொண்டுவந்து அடுப்பிலிருந்து ஆறடி தள்ளித் துணிக்கொடியில் கட்டினார். சித்தப்பா மக்காச்சோளமும் கத்திரிக்காயும் சுட்டார். அரை மணி கழித்து அப்பா நூலை அவிழ்த்து முகர்ந்தார். அம்மா முகர்ந்தார். நான் முகர்ந்தேன். வீட்டு ஆட்களின் மூக்கை நம்பாமல் கைப்பிடிச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பக்கத்து வீட்டுத் தறிக்காரரிடமும் நீட்டினார்.

அவர் கண்ணை மூடி முகர்ந்து, “உன் கை வாசனைதான் வருது” என்றார்.

சோதனையில் அடுப்பு தேறியது. அன்றைய காலண்டர் தாளில் இப்படி எழுதியிருக்கிறேன்: “சித்தப்பா கிரில் கற்றுக்கொண்டார். 40 பக்கத்தில் 22 முடிந்தது.”

ஞாயிறு காலை அம்மா விடியும் முன்பே பிரியாணியை முடித்து, ரெகுலேட்டரை மறுபடி மாடிக்கு அனுப்பிவிட்டு, கோழித் தொடைகளில் மசாலா தடவி வைத்தார். சித்தப்பா எட்டிப் பார்த்து, “எண்ணெ கம்மி பண்ணிக்கோ அண்ணி. சொட்டும்” என்றார்.

“பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு எண்ணெ இல்லாம வறட்டுக் கறி போட்டா நம்மள இன்னான்னு நெனைப்பாங்க? நீ போயி குளி.”

பதினொரு மணிக்கு அம்பாசிடர் காரில் வந்தார்கள். பெண்ணின் அப்பா, போளூரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர். பெண்ணின் தாய்மாமன், அவருக்கும் சேர்த்துப் பேசுபவர். பெண்ணின் அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே வீடு முழுவதையும் பார்த்துவிடுபவர். பெண் வரவில்லை, வீடு பார்க்கப் பெண் வருகிற வழக்கமில்லை.

காபி கொடுக்க வேண்டும். அம்மா பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துத் தீப்பெட்டியை எடுத்த பிறகுதான் ரெகுலேட்டர் மாடியில் இருப்பது நினைவுக்கு வந்தது. வாசலில் சம்பந்திகள், அடுப்பில் பச்சைப் பால். மண்ணெண்ணெய் ஸ்டவ் பரணில் இருந்தது, ஆனால் அதன் நாற்றம் தறிவீட்டில் தடை. அம்மா என்னைப் பார்த்தார். நான் பால் பாத்திரத்தோடு மாடிக்கு ஓடினேன். தாய்மாமன் பின்னாலேயே ஏறி வந்துவிட்டார்.

“இன்னா மாப்ள, கறி அடுப்புல பாலு காய்ச்சுறீங்க?”

சித்தப்பா கண் சிமிட்டாமல் சொன்னார்: “எல்லா வேலையும் செய்யும் மாமா. அதான் இதை வாங்குனேன்.”

“அப்போ தோசையும் சுடலாமா?”

“தாராளமா.”

தாய்மாமன் கீழே இறங்கிப் போய், மாப்பிள்ளை ஒரே அடுப்பில் முழுக் குடும்பத்தையும் ஓட்டுகிற மாதிரி ஒரு மிஷின் கொண்டுவந்திருக்கிறார் என்று அறிவித்தார். விஷயம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் மாடிக்கு வந்தார்கள். பந்தல் நிழலில் நாற்காலிகள். நான் கையேட்டோடு தொட்டிமேல். சித்தப்பா மூடியைத் திறந்து, என்னைப் பார்த்து அனுமதி கேட்பது போலத் தலையசைத்துவிட்டுப் பற்றவைத்தார். மீட்டரில் முள் ஏறியது. பத்துப் பன்னிரண்டு தொடைகளை வரிசையாக அடுக்கினார். சொய்ங் என்று ஒரு சத்தம், மசாலா வாசனை. பெண்ணின் அப்பாவே லேசாகச் சிரித்தார்.

இரண்டு நிமிடம் கூட ஆகியிருக்காது. எண்ணெய் சொட்டியது. குப்பென்று ஒரு முழ உயரத்துக்குத் தீ எழுந்தது. கறுப்புப் புகை சுருள் சுருளாகக் கிளம்பி, நேராக மேலே போகாமல், கைப்பிடிச்சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு முற்றத்தில் இறங்கியது.

“யோவ்! இன்னாய்யா கொளுத்துறீங்க? என் தறியில முகூர்த்தச் சேல ஓடிகினு கீது!” என்று கீழேயிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் குரல்.

“தண்ணி! தண்ணி கொண்டாங்க!” என்று தாய்மாமன் எழுந்து, கை கழுவ வைத்திருந்த வாளியையே தூக்கிவிட்டார்.

“ஊத்தாதீங்க! பீச்சே! பீச்சே!”

கத்தியது சித்தப்பா. அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. பின்னால் போ என்று இந்தியில் சொல்கிறார் என்பது எனக்குப் புரியவில்லை. ஆனால் எல்லாரும் பின்னால் போனார்கள். வாளியும் போனது. அவர் சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே ஒரே இழுப்பில் ஏற்றினார். இடது கையால் இரண்டு திருகுகளை, பார்க்காமலேயே, அணைத்தார். வலது கையிலிருந்த இடுக்கி தீக்குள் போய் வந்தது, போய் வந்தது. நான் எண்ணி முடிப்பதற்குள் எல்லாத் தொடைகளும் தீ இல்லாத பக்கத்தில் ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக இருந்தன. தீ அடங்கியது. புகை மெலிந்து நின்றது. பாவில் இழை அறுந்தால் அப்பாவின் விரல்கள் முடிச்சுப் போடுமே, கண் பார்ப்பதற்கு முன்பே, அந்த மாதிரி இருந்தது.

சித்தப்பா குனிந்து கம்பிகளுக்கு அடியில் பார்த்தார்.

“தகடுங்க எங்க?” என்றார்.

நான் பரபரவென்று புரட்டினேன். இருந்தது, பதினேழாம் பக்கம். தீக்குழாய்களுக்கு மேலே கூரை போல மடங்கிய மூன்று எவர்சில்வர் தகடுகள். சொட்டுகிற கொழுப்பு நேராக நெருப்பில் விழாமல் அவை தாங்கிக்கொள்ளும். அவை இல்லாமல் பற்றவைக்கவே கூடாது. சத்தமாகப் படித்தேன். நேற்று அவை இருந்தன. நானே எண்ணினேன்.

அப்பாவின் முகம் மாறியது. படியிறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் மூன்று தகடுகள். அவற்றிலிருந்து சிவப்புப் பட்டு சுற்றிய நாலைந்து தார்கள் கழன்று மாடிமேல் உருண்டு போயின.

நடந்தது இதுதான். சேலையில் குறுக்கே ஓடும் ஊடை இழை சுற்றிய சிறு குச்சிகளைத் தார் என்போம். நனைந்த தார்களை எதில் வைத்தாலும் உருண்டு ஓடும். அப்பா ஏழெட்டு வருஷமாக அதற்கு ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் அடுப்பைத் திறந்து பார்த்தபோது கூரை போல மடங்கிய அந்தத் தகடுகளைக் கண்டார். கவிழ்த்துப் போட்டால் அளவெடுத்துச் செய்த வாய்க்கால். வழவழப்பு, துருப்பிடிக்காது, இழை மாட்டாது. இவ்வளவு நல்ல பொருளைக் கறிக்கு அடியில் யாரோ தவறிப்போய் வைத்துவிட்டார்கள் என்று அவர் உண்மையிலேயே நம்பினார். புகைக்குப் பயந்து ஒரு வருஷம் நிபந்தனை போட்டவர், புகையை வரவழைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

“அண்ணா...” என்றார் சித்தப்பா.

“சும்மா கெடக்குதேன்னு எடுத்தேன்டா.”

முதலில் சிரித்தது பெண்ணின் அப்பாதான். அதுவரை பேசாதவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “தறிக்காரன் புத்தி சம்மந்தி! எங்கப்பாவும் இப்டித்தான், கல்யாண வூட்டுத் தாம்பாளத்தைப் பார்த்துட்டு நூலுக்கு ஆவும்னு எடுத்தாந்துட்டாரு!”

தகடுகள் இடத்துக்குப் போயின. மசாலாவின் எண்ணெயைச் சித்தப்பா துணியால் ஒற்றி எடுத்தார். இந்த முறை அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சித்தப்பா ஒரு பக்கம் நெருப்பைத் தூக்கி, ஒரு பக்கம் அணைத்து, சிவந்த துண்டுகளை அணைந்த பக்கத்துக்கு மாற்றி மூடிவைத்தார். இது இருபத்தைந்தாம் பக்கத்தில் வருவது. நான் இன்னும் படித்தே காட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சண்டை போடச் சுவர் ஏறி வந்தவர், இரண்டு தொடைகளைத் தட்டில் வாங்கிக்கொண்டு, “இனிமே பத்தவெக்கும்போது ஒரு குரல் குடுங்க, தறிய மூடிக்கிறேன்” என்று இறங்கிப் போனார்.

அந்தக் கோழியின் ருசியை இப்போது எழுத முடியாது. மேலே மொறுமொறுவென்று, உள்ளே சாறு வழிய, எலும்பைத் தொட்டாலே கழன்றது. சித்தப்பா உட்காரவில்லை. சட்டைக் கை ஏறியபடியே, ஒவ்வொருவருக்கும் சுடச்சுடப் போட்டுக்கொண்டும் முகங்களைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

பெண்ணின் அம்மா அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு மயிர் இல்லை. கோடு கோடாகப் பழைய தழும்புகள்.

“தம்பி” என்றார் அந்த அம்மா. “கை சுட்டுக்கினா நீங்க இன்னா போடுவீங்க?”

“தண்ணிதாங்க” என்றார் சித்தப்பா, துண்டைத் திருப்பிக்கொண்டே. “கொழாயைத் தெறந்து காட்டிகினு நிக்க வேண்டிதுதான். அப்புறம் வேலையப் பார்க்கணும். ஆர்டரு நம்மளுக்காக நிக்காதில்ல?”

சொல்லிவிட்டு இடுக்கியைப் பாதியில் நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சட்டைக் கைகளை இறக்கிப் பொத்தானைப் பூட்டினார்.

அந்த அம்மா தட்டை நீட்டி, “இன்னொரு பீஸு வைங்க” என்றார்.

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். தாய்மாமன் காரில் ஏறும் வரை அடுப்பைப் பற்றிப் பேசினார். பெண்ணின் அப்பா கதவைச் சாத்தும் முன் சொன்னார்: “வூட்ல கலந்து பேசி சொல்றோம்.”

கார் போன பிறகு எங்கள் வாசலில் யாரும் நகரவில்லை. அப்பா கையிலிருந்த தாரை மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டிருந்தார். அன்று முழுவதும் அவரை அவரே திட்டிக்கொண்டார், வேறு யாரும் திட்டவில்லை.

திங்கள் போனது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்தது. நான்தான் எடுத்தேன். ஒரு பெண் குரல் சித்தப்பாவைக் கேட்டது. யார் என்று கேட்டதற்கு, “குடும்மா, சொல்றேன்” என்றது. சித்தப்பா வாங்கி, ஒயர் எட்டுகிற வரை தறிப்பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். புதுப் பாவு பிணைத்துத் தறி ஓடத் தொடங்கியிருந்தது. பாதி காதில் விழவில்லை. அன்றைய தாள் சொல்கிறது: “போன் வந்தது. சித்தப்பா மூன்று முறை ஆமாம் என்றார். ஒரு முறை ‘யாருக்கும் தெரியாது’ என்றார். யார் என்று கேட்டால் சொல்லவில்லை.” அடுத்த நாள் போளூரிலிருந்து சம்மதம் வந்தது. ஆடி பிறப்பதற்கு முந்தைய கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம்.

நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் சித்தி இதையெல்லாம் கோத்துச் சொன்னார். அந்த ஞாயிறு இரவு அவருடைய அம்மா வீடு திரும்பியதும் முதலில் சொன்னது: “பையன் சமையக்காரன்டி. சூப்பர்வைசரும் இல்ல, ஒன்னும் இல்ல. நெருப்புகிட்டயே நிக்கிற கை அது. எங்கப்பா கை மாதிரியே கீது.” சித்தியின் அந்தத் தாத்தா கல்யாணங்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தவர். ஜவுளிக்கடைக் குடும்பம் ஆன பிறகு அந்தப் பேச்சை அவர்களும் வெளியே எடுப்பதில்லை. அந்த அம்மா மகளிடம் மேலும் சொன்னாராம்: “நீயே போன் பண்ணிக் கேளு. ஒத்துக்கினா கட்டிக்கோ. பொய் சொன்னா வேணாம்.” அவ்வளவுதான் அந்தப் போன். ஏழு வருஷமாகக் கிரில் முன்னால்தான் நிற்கிறேன், இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். அப்புறம் எதற்கு அந்த அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று சித்தி கேட்டாராம். “நான் சுட்டத எங்க அண்ணன் ஒரு தபா துன்னணும்னு இருந்துச்சு.”

சித்தப்பா திரும்பிப் போனதும் அடுப்பு மாடியில் உறைபோட்டு நின்றது. தகடுகள் மட்டும் ஒரு வாரத்துக்குள் தறிப்பக்கம் இறங்கிவிட்டன. இன்றும் அங்கேதான் இருக்கின்றன, தார்களோடு. ரெகுலேட்டர் அந்த ஞாயிறு சாயங்காலமே அம்மாவிடம் போய்விட்டது.

கடைசியாக ஒரு தாள். கல்யாண நாள். மண்டபத்தில் நான் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், சித்தப்பாவுக்கு கிரில் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று. யாராவது நம்பாமல் பார்த்தால் மாலையும் கழுத்துமாக நின்ற சித்தப்பாவே சாட்சி சொன்னார்: “ஆமாங்க, எனுக்கு வாத்தியாரே இவதான்.” புதுச் சித்தி என்னைப் பக்கத்தில் இழுத்து, “அப்டியா கண்ணு? ஒன்னுமே தெரியாதா இவருக்கு?” என்று கேட்டார். ஒன்றும் தெரியாது, மூடியைத் திறக்கவேண்டும் என்று மட்டும் அவராகவே கண்டுபிடித்தார், மற்றதெல்லாம் நான்தான் என்று நியாயமாகச் சொன்னேன். சித்தி சிரிக்க ஆரம்பித்தார். நெற்றிச்சுட்டி ஆடியது, மை கலைந்தது, ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைய தாளின் பின்பக்கத்தில், என் ஆறாம் வகுப்புக் கையெழுத்தில், இப்படி இருக்கிறது: “புதுச் சித்தி நல்லவர். ஆனால் காரணம் இல்லாமல் சிரிக்கிறார்.”